என் மகளைக் கூட்டி வந்தவள் நான்

பாசிர் கூடாங்,
12 ஜூன் 2024

சொர்ணம் ஆச்சிக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. வாட்சப்பில் எழுதினால் அதையும் நீங்கள் யாருக்காவது காட்டிவிடுவீர்கள். அதனால்தான் கடைக்குப் போய்த் தாளும் உறையும் வாங்கி எழுதுகிறேன். போனில் கூப்பிடாதீர்கள். எடுக்க மாட்டேன்.

உங்கள் தன்கை அறவாரியத்தின் ஆண்டு விருந்தில் போட்ட வீடியோவை நேற்றுத்தான் பார்த்தேன். நானாகத் தேடிப் பார்க்கவில்லை. லோஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அனுப்பியிருக்கிறாள்.

"அம்மா, இது நீங்கதானே?"

நான்தான். தேங்காய்ப்பால் சோறு விற்கும் என் நாசி லெமாக் வண்டி, அதில் கட்டிய தன்கை பேனர், பக்கவாட்டில் என் முகம். மேலே உங்கள் குரல். "கணவனை இழந்த இந்தத் தாய், பெற்ற மகளையே ஓர் அனாதை இல்லத்தில் விட்டுவிடப் போனாள். அந்த வாசலில் அவள் கையைப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்தது தன்கை." ஓட்டலில் எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

"என்னை விட்டுட்டு வரப் போனீங்களாம்மா?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் சாப்பிடக்கூட வெளியே வரவில்லை.

நான் அதை உங்களிடம் சொன்னது எங்கே என்று ஞாபகம் இருக்கிறதா? சமையல் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு, பாத்திரம் கழுவும் தொட்டி பக்கத்தில். என் தலையைத் தடவினீர்கள். "மனசுல வச்சுக்காத, சொல்லிரு" என்றீர்கள். என் சொந்த நாத்தனாரிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். நீங்கள் அதை எடுத்துப் போய் விருந்துச் சாப்பாட்டோடு பரிமாறிவிட்டீர்கள்.

வீடியோவை எடுத்துவிடுங்கள். உடனே.

யோகேஸ்வரி


பெர்மாஸ் ஜெயா,
19 ஜூன் 2024

அன்புள்ள யோகேஸ்வரி,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. உன்னை நான் என் தங்கையைப்போல நினைப்பவள் என்பது உனக்கே தெரியும்.

கோபத்தில் சில விஷயங்களை நீ மறந்துவிட்டாய். வீடியோவில் உன் பெயர் எங்கும் இல்லை. முகமும் முழுதாகத் தெரியவில்லை. படம் எடுக்கும்போது நீயே சம்மதித்துக் கையெழுத்தும் போட்டாய். விருந்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். உன்னை யாரும் குறைவாக நினைக்கவில்லை. "என்ன ஒரு மனுஷி!" என்றுதான் சொன்னார்கள்.

லோஷினியை வெள்ளிக்கிழமை இங்கே அழைத்து வா. நான் உட்கார வைத்துப் பேசுகிறேன். அந்த வயதில் பிள்ளைகளுக்கு எல்லாமே பெரிதாகத் தெரியும். அவள் டியூஷனுக்கு நாங்கள் உதவ முடியுமா என்றும் பார்க்கிறேன்.

ஒரு விஷயம். நமக்கு உதவப்போகும் கம்பெனிக்காரர்கள் அடுத்த மாதம் உன் கடையைப் பார்க்க வருகிறார்கள். பேனர் ஒழுங்காக இருக்கட்டும். முடிந்தால் நல்ல சேலை ஒன்று கட்டிக்கொள்.

அன்புடன்,
சொர்ணம் உலகப்பன்


பாசிர் கூடாங்,
24 ஜூன் 2024

திருமதி சொர்ணம் உலகப்பன் அவர்களுக்கு,

இனிமேல் என்னை 'நீ' என்று எழுத வேண்டாம். தங்கை என்றும் எழுத வேண்டாம். தங்கையின் கதையைச் சொல்லி யாரும் நன்கொடை கேட்க மாட்டார்கள்.

லோஷினியை வெள்ளிக்கிழமை அழைத்து வர முடியாது. அவள் இங்கே இல்லை. பெக்கான் நானாஸில் இருக்கும் அவள் அத்தை தனலெட்சுமி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வண்டியில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். கூப்பிட்டால் அத்தைதான் எடுக்கிறார். "இப்ப வேணாம் அண்ணி, புள்ள பேச மாட்டேங்குது" என்கிறார். பள்ளிக்கும் போகவில்லை. பெரிதாகத் தெரிகிற வயது என்றா சொன்னீர்கள்? இது எந்த வயதில் சின்னதாகத் தெரியும்?

நீங்கள் பாதிதான் சொன்னீர்கள். மீதியை நான் சொல்கிறேன். ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஜெயபாலன் ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. லாரி அடித்துவிட்டது. அதன் பிறகு எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். லோஷினிக்கு அப்போது ஒன்பது வயது. என்னோடு இருந்தால் பட்டினி, இல்லத்தில் விட்டால் சாப்பாடாவது கிடைக்கும் என்று நினைத்தேன். அவள் துணியை ஒரு பையில் வைத்து, "ஊர் சுத்தப் போறோம்" என்று சொல்லி பஸ் ஏற்றினேன். இல்லத்துக்கு எதிரே உட்கார்ந்து அவளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். ஆசை ஆசையாகத் தின்றாள். பிறகு கேட் பக்கம் போனேன். உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்து கேட்டைத் திறந்தார். "யாரைப் பாக்கணும்?" என்றார்.

"வழி தப்பி வந்துட்டேங்க" என்று சொன்னேன். அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் காலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவப் போனேன்.

இதில் தன்கை எங்கே வந்தது? அன்றைக்கு உங்கள் அறவாரியத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது. உங்களை நான் பார்த்ததே இரண்டு வருடத்துக்கு முன்னால்தான். என் கையை அன்று யாரும் பிடிக்கவில்லை. என் மகளை வீட்டுக்குக் கூட்டி வந்தது நான். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான். அதையும் எடுத்து உங்கள் பெயரில் எழுதிக்கொண்டீர்கள்.

லோஷினி அந்த நாளை எப்படி ஞாபகம் வைத்திருந்தாள் தெரியுமா? அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன ஒரே சுற்றுலா என்று. இன்று அவளுக்கு அதுவும் இல்லை.

வீடியோவை எடுத்தால் மட்டும் போதாது. மேடையில் சொன்னது பொய் என்று அதே ஆட்களிடம் சொல்ல வேண்டும். பேனரைக் கழற்றிவிட்டேன். சேலையும் கட்ட மாட்டேன்.

யோகேஸ்வரி


பெர்மாஸ் ஜெயா,
2 ஜூலை 2024

திருமதி யோகேஸ்வரி அவர்களுக்கு,

நீங்கள் கேட்டபடியே மரியாதையாக எழுதுகிறேன். எனக்கும் கோபம் வரும் என்பதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

தன்கையை நான் என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு அடுப்பை வைத்துத் தொடங்கினேன். இன்றுவரை என் சொந்தக்காரர்களிடமே கை நீட்டுகிறேன். கல்யாண வீட்டுக்குப் போனால், "ஆச்சி வர்றாக, பர்ஸைப் பத்திரமா வச்சுக்கங்க" என்று என் காதில் விழவே சிரிக்கிறார்கள். என் கணவரே, "போதும் சொர்ணம், விட்டுரு" என்கிறார். யாருக்காக இதெல்லாம்?

போன வருட விருந்தில் நான் உண்மையைத்தான் பேசினேன். பெண்கள் என்ன கற்றுக்கொண்டார்கள், எப்படி உழைக்கிறார்கள், யார் யார் சொந்தமாகக் கடை போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வந்தவர்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் ஒரே ஒரு வரியைக் கூட்டிச் சொன்னேன். கூடமே அமைதியாகிவிட்டது. ஒரு கம்பெனி, புதிதாகப் பத்துக் குடும்பங்களைத் தூக்கிவிட முன்வந்திருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்த நேரத்தில் போய் நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டுமா? அந்தப் பத்துப் பெண்களின் அடுப்பை யார் பற்றவைப்பது? நீங்களா?

உங்களுக்கு வண்டியும் அடுப்பும் கிடைத்தபோதும் யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்லித்தான் வாங்கினேன். அப்போது அது யாருடைய கதை என்று நீங்கள் கேட்கவில்லை.

பேனரைக் கழற்றியது வண்டி வாங்கும்போது போட்ட ஒப்பந்தத்தை மீறிய செயல் என்று நம் செயலாளர் ஹேமநாதன் சொல்கிறார். வண்டியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்கிறார். நான் அவரைத் தடுக்கப் போவதில்லை.

சொர்ணம் உலகப்பன்


பாசிர் கூடாங்,
10 ஜூலை 2024

திருமதி சொர்ணம் அவர்களுக்கு,

உங்கள் ஹேமநாதன் வந்தார். லாரியோடு வந்தார். ஷிப்டு பஸ் ஆட்களை இறக்கும் நேரம் பார்த்து வந்தார். பொட்டலத்துக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

"யோகா, டென்ஷன் ஆவாதீங்க. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்றார்.

"என் மவள மேடையில வச்சு விக்கலாம்னு எந்த ரூல்ஸ்ல இருக்கு? காட்டுங்க லா, நானும் பாக்குறேன்."

"பப்ளிக்ல சத்தம் போடாதீங்க."

"நீங்க ஓட்டல்ல மைக்கு வச்சுப் போட்டீங்களே, அது என்ன?"

வரிசையில் நின்ற மலாய்க்காரத் தம்பி ஒருவர், "என்ன கக், என்ன நடக்குது?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார். சொன்னேன். அவர் ஹேமநாதனைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அதற்குள் செல்லம் வந்துவிட்டாள். அவளை உங்களுக்குத் தெரியும். என்னோடு பயிற்சி எடுத்தவள், அடுத்த முச்சந்தியில் வாழைப்பழம் பொரித்து விற்பவள். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்து, என் வண்டிப் பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "தூக்குறதுன்னா என்னையும் சேத்துத் தூக்குங்க" என்றாள். அவள் உடம்பைப் பார்த்தே லாரிக்காரர் பின்வாங்கிவிட்டார்.

லாரி காலியாகத் திரும்பியது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பொட்டலம் கட்டப் போய், மிளகாய்ச் சம்பல் முழுக்கத் தரையில் கொட்டிவிட்டேன்.

வண்டியைத் தர மாட்டேன். அதை நீங்கள் கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் விடியுமுன் எழுந்து தேங்காய்ப்பால் பிழிந்தது நீங்கள் இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும் என்னைக் குத்தியது. எனக்கு முன்னால் யாருடைய கதை என்று நான் கேட்கவில்லை. உண்மைதான். அதைச் செல்லத்திடம் சொன்னேன். அவள், "அப்ப அடுத்த வருஷம் என் கதையா? எங்க வீட்டு ஆளு என்னை அடிச்சதெல்லாம் நானும் ஆச்சிக்கிட்ட சொல்லியிருக்கேனே யோகா" என்றாள்.

அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

யோகேஸ்வரி


பெர்மாஸ் ஜெயா,
20 ஜூலை 2024

திருமதி யோகேஸ்வரி அவர்களுக்கு,

இதைப் படித்ததும் உங்களுக்கு என்மேல் இன்னும் கோபம் வரும். பரவாயில்லை. வேறு யாரும் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே எழுதுவது நல்லது.

நேற்று பெக்கான் நானாஸ் போனேன். உங்களுக்கு உதவப் போகவில்லை. பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டால் நீங்களும் அடங்கிவிடுவீர்கள் என்ற கணக்கில்தான் போனேன்.

தனலெட்சுமி வீட்டு முன்னால் அன்னாசிப்பழம் விற்கிறார்கள். லோஷினி உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்கதான் கையைப் பிடிச்ச ஆன்ட்டியா?"

"ஆமாம்மா" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"அன்னிக்கு நானும்தானே அங்க இருந்தேன்? உங்கள நான் பாக்கவே இல்லையே."

எத்தனையோ பெரிய மனிதர்கள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் பதில் வைத்திருந்தேன். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வாசலில் இன்னொருத்தியும் நின்றாள் என்று மேடையில் பேசியபோது எனக்குத் தோன்றவே இல்லை.

"நான் அங்க இல்லம்மா" என்றேன்.

"அப்ப யாரு எங்கம்மாவத் திரும்பக் கூட்டிட்டு வந்தது?"

"யாரும் இல்ல. அவங்களாத்தான் திரும்புனாங்க. உன்னையும் கூட்டிட்டு."

தனலெட்சுமி உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றுவிட்டார். லோஷினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "அத ஏன் ஓட்டல்ல சொல்லல? அதுதானே நல்ல கதை?" என்று கேட்டாள்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

சொர்ணம்


பாசிர் கூடாங்,
25 ஜூலை 2024

யாரைக் கேட்டு என் மகளைப் பார்க்கப் போனீர்கள்? அன்றும் என்னைக் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கதவெல்லாம் உங்களுக்குத் திறந்தே கிடக்கிறது என்று நினைப்பா?

லோஷினி போன் பண்ணினாள். அவளாகப் பண்ணினாள். நலமா என்று கேட்கவில்லை. "அந்த கேட்டைத் தொறந்தாங்களேம்மா, அப்ப ஏன் என் கையை அவ்ளோ இறுக்கிப் பிடிச்சீங்க? வலிச்சிச்சு" என்று கேட்டாள்.

"விட்டுருவேனோன்னு பயந்துட்டேன்" என்றேன்.

வைத்துவிட்டாள். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

நீங்கள் சொன்னீர்களாம், என் மகளிடம் உண்மையைச் சொன்னீர்களாம். அன்னாசித் தோலுக்கு நடுவே ஒரு பிள்ளையிடம் சொன்னீர்கள். பொய்யைச் சொன்னது ஓட்டலில். எங்கே சொன்னீர்களோ அங்கே போய்ச் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

யோகேஸ்வரி


பெர்மாஸ் ஜெயா,
14 ஆகஸ்டு 2024

திருமதி யோகேஸ்வரி அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நன்கொடையாளர் கூட்டம் நடந்தது. கம்பெனிக்காரர்களும் வந்திருந்தார்கள். எழுந்து, "அந்த வாசலில் தன்கை இல்லை. அந்தத் தாய் தானாகத் திரும்பினார். நான் பொய் சொன்னேன்" என்றேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். வீடியோவையும் எடுத்தாகிவிட்டது. ஏற்கெனவே பார்த்தவர்கள் பார்த்ததுதான். அதை என்னால் மாற்ற முடியாது.

கம்பெனி பின்வாங்கிவிட்டது. "நம்பகத்தன்மை" என்ற சொல்லைப் பல முறை சொன்னார்கள். ஹேமநாதன் அங்கேயே ராஜினாமா கொடுத்தார். "ஒரு பொம்பள கோவத்துக்காக மொத்தத்தையும் ஒடைச்சுட்டீங்க ஆச்சி" என்றார். 

பத்துக் குடும்பங்களுக்கும் நானே போன் பண்ணி, இப்போது முடியாது என்று சொன்னேன். ஒருத்தி பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். நான் செய்தது தப்பு. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இனி எந்தப் பொய்யும் சொல்வதாக இல்லை.

செல்லத்திடம் சொல்லுங்கள், அவள் கதையை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். யாருடைய கதையையும் சொல்லாமல் இந்த அறவாரியத்தை எப்படி நடத்துவது? உங்களுக்குத் தெரிந்தால் வந்து நடத்திக் காட்டுங்கள்.

சொர்ணம்


பாசிர் கூடாங்,
22 ஆகஸ்டு 2024

ஆச்சிக்கு,

நீங்கள் குத்திக் காட்டத்தான் கேட்டீர்கள். நான் நிஜமாகவே பதில் சொல்கிறேன். வந்து நடத்திக் காட்டுகிறோம்.

செல்லம் வீட்டில் நாங்கள் எல்லாரும் கூடினோம். தன்கையில் வண்டி வாங்கியவர்கள், தையல் மெஷின் வாங்கியவர்கள், எல்லாரும். பெரிய சண்டையே வந்தது. "யோகாவாலதான் புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். நானும் திருப்பிக் கொடுத்தேன். பிறகு செல்லம் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் அடங்கினோம். கடைசியில் முடிவு பண்ணினது இதுதான்.

உங்கள் செயற்குழுவில் உதவி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். உதவி வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. ஹேமநாதன் போன இடத்தில் செல்லம் உட்காருவாள். இன்னும் இரண்டு இடம் எங்களுக்கு வேண்டும். சும்மா உட்கார இல்லை, ஓட்டுப் போட. அடுத்த விருந்துக்கு ஓட்டல் வேண்டாம். நாங்கள் சமைக்கிறோம், இலவசமாக இல்லை, விலைக்கு. வருகிறவர்கள் எங்களைப் பார்த்து அழ வேண்டாம். சாப்பிட்டுப் பார்க்கட்டும். பிடித்தால் அவர்கள் கம்பெனிக் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கட்டும். வருகிறதில் ஒரு பங்கை அந்தப் பத்துப் பேருக்கு ஒதுக்குவோம். முதலில் ஒருத்திக்கு அடுப்பு. பிறகு அடுத்தவளுக்கு. மெதுவாகத்தான் நடக்கும். நடக்காமலும் போகலாம்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னீர்கள். அது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனால் எனக்கு இன்னும் உடம்பு எரிகிறது. கூட்டத்தில் உங்களுக்கு எதிரே உட்காருவேன். உங்களோடு சண்டை போடுவேன். நீங்களும் போடுங்கள்.

லோஷினி வந்துவிட்டாள். தனலெட்சுமி ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விட்டார். முதல் மூன்று நாள் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் வந்தாள். என்னைப் பார்க்காமலே சாப்பிட்டாள். இன்று காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள். பள்ளிச் சட்டையை நான் தேய்க்கவில்லையாம்.

"வண்டி வண்டின்னு அதுக்குப் பின்னாடியே ஓடுறீங்க, வீட்டுல ஒருத்தி இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"பதினாறு வயசாச்சு, உன் சட்டைய நீ தேய்க்க முடியாதா?"

"ஏன், அத்தை தேய்ச்சுக் குடுத்தாங்களே!"

"அப்படின்னா அத்தை வீட்டுக்கே போ!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அவளும் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு, "போக மாட்டேன்" என்று அதைவிடப் பெரிய சத்தமாகக் கத்தினாள்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன யோகா, என்ன பிரச்சினை?" என்றார்.

"எங்க வீட்டுச் சண்டைக்கா. நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

யோகேஸ்வரி ஜெயபாலன்